கடக்காத்து நின்னுடுச்சு பாரு

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வைகாசி மாதம். மதுராந்தகத்துக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் ஊரில், பிடுங்கி ஆய்ந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. மூன்று நாள் வெயில் பட்டாயிற்று. இன்னும் ஒரு நாள் காய்ந்தால் மூட்டை பிடித்துவிடலாம். நாலு காயைக் கையில் எடுத்துக் காதோரம் ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும், அப்பாவுக்கு அதுதான் கணக்கு. அன்றைக்குச் சில காய் கலகலத்தது, சில காய் சத்தமே போடவில்லை.

மூன்று மணி வாக்கில் அப்பா மேற்கே பார்த்துவிட்டு, "மேக்கால கருக்குது. உன் போன்ல இன்னா போட்டிருக்கான் பாரு" என்றார். பார்த்தேன். சூரியன் படம், பக்கத்தில் சின்னதாக ஒரு மேகம், மழைக்கு 20 சதவீதம். "ஒண்ணும் இல்லப்பா, காயட்டும்" என்று சொல்லிவிட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டேன். கிழக்கேயிருந்து கடல்காற்று சுகமாக வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்று இருக்கும்வரை மேற்கே இருக்கிற மேகம் இந்தப் பக்கம் எப்படி வரும் என்றுதான் நினைத்தேன்.

நாலேகால் இருக்கும். அப்பா சட்டென்று எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தார்ப்பாயை இழுக்க ஆரம்பித்தார். "கடக்காத்து நின்னுடுச்சு பாரு, வா வா." வேப்பிலை ஒன்றுகூட அசையவில்லை. எனக்கு அது வெறும் புழுக்கமாகத்தான் தெரிந்தது. பாதிக் களத்தை மூடுவதற்குள் மேற்கேயிருந்து புழுதியோடு குளிர்காற்று வந்து தார்ப்பாயைத் தூக்கி அடித்தது. அப்புறம் மழை. பதினோரு மூட்டைக் காய் நனைந்து, ரெண்டே நாளில் தோல் கறுத்துப் போயிற்று. வியாபாரி விலையைக் குறைத்துத்தான் எடுத்தார்.

அப்பா என்னை எதுவும் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போது நானே கேட்டேன், கடல்காற்று நின்றால் மழை வருமா என்று. "சும்மா நின்னா வராது. மேக்கால கருத்திருக்கணும், காத்து திடீர்னு நிக்கணும். ரெண்டும் சேர்ந்துச்சுன்னா கால் மணி நேரந்தான்" என்றார். அன்றிலிருந்து வானத்தையும் வானிலை அறிக்கையையும் ஒழுங்காகப் படிக்கக் கற்றுக்கொண்டு வருகிறேன். எட்டு வருஷத்தில் எனக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 20 சதவீதம். போனில் வந்தது தப்பு என்று ரொம்ப நாள் கோபமாக இருந்தேன். அது தப்பில்லை. இதே மாதிரியான நூறு நாள் வந்தால், அதில் இருபது நாள் இந்த இடத்தில் மழை இருக்கும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். நான் அதை "மழை வராது" என்று படித்தேன். அப்பாவிடம் "ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்குப்பா" என்று சொல்லியிருந்தால், அவர் மூன்று மணிக்கே மூடியிருப்பார். பதினோரு மூட்டையை ஐந்தில் ஒன்றுக்கு யார் திறந்து போட்டு வைப்பார்கள்? துணி காயப்போடுகிறவருக்கு 20 சதவீதம் சின்ன எண். மல்லாட்டை காயவைக்கிறவருக்கு அது பெரிய எண். வாய்ப்பு எவ்வளவு என்று மட்டும்தான் போன் சொல்லும். நனைந்தால் நமக்கு என்ன நஷ்டம் என்பதை நாம்தான் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. போனில் தெரிகிற அந்தப் படத்தை நம் ஊர் வானத்தைப் பார்த்து யாரும் போடுவதில்லை. உலகம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, வெப்பம், ஈரப்பதம் எப்படி மாறும் என்று கணினி கணக்குப் போடுகிறது. ஒரு கட்டம் ஒன்பது, பன்னிரண்டு கிலோமீட்டர் அகலம் இருக்கும். இந்திய வானிலை ஆய்வுத் துறை 2025 மே மாதம் அறிமுகப்படுத்திய புதிய கணிப்பு முறையில் அதை 6 கி.மீ. அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் வைகாசி மாதத்து இடிமேகம் ஒன்றின் மழை விழுகிற அகலமே ஐந்து, பத்து கிலோமீட்டர்தான். அது செய்யூர் மேல் எழும்புமா, எங்கள் ஊர் மேல் எழும்புமா என்று காலையிலேயே சொல்ல எந்தக் கணினியாலும் முடியாது. இந்த வட்டாரத்தில் இன்று இடிமேகம் எழும்பக்கூடிய நாளா என்பதை மட்டும் நன்றாகச் சொல்லும்.

இந்த வித்தியாசத்தைச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை ரொம்ப நாளாகவே தெளிவாகச் சொல்லிக்கொண்டுதான் வருகிறது. நாம்தான் அதைக் காதில் வாங்கவில்லை. "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்." ரேடியோவிலும் டிவியிலும் கேட்டுக் கேட்டு நமக்கு மனப்பாடமான வாக்கியம். எஸ்.ஆர். ரமணன் டிவியில் வந்து சொன்ன காலத்தில், பள்ளிக்கூடம் லீவு விடுவார்களா என்பதைத் தவிர வேறெதையும் அதில் நாங்கள் கேட்டதில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு.

"ஓரிரு இடங்களில்" என்றால், அந்தப் பகுதியில் இருக்கிற மழைமானி நிலையங்களில் கால்பங்கு வரைக்கும் மழை பதிவாகலாம் என்று பொருள். "ஒருசில இடங்களில்" என்றால் கால்பங்குக்கு மேல் பாதி வரை. "அநேக இடங்களில்" என்றால் பாதிக்கு மேல் முக்கால் வரை. "பெரும்பாலான இடங்களில்" என்றால் முக்கால் பங்குக்கும் மேல். அப்படியானால் "ஓரிரு இடங்களில்" என்று சொன்ன நாளில் நாலு ஊரில் ஒரு ஊருக்கு மழை பெய்து, மூன்று ஊர் காய்ந்து கிடந்தால், அறிக்கை அப்படியே பலித்திருக்கிறது. அந்த மூன்று ஊர்க்காரர்களும் டீக்கடையில் உட்கார்ந்து "சொன்னான், எங்க பெஞ்சுது" என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

மழையின் அளவுக்கும் அப்படித்தான். ஒரு நாளில் 2.5 மி.மீ. பெய்தால்தான் அது மழை நாள் என்ற கணக்கிலேயே வரும். 15.5 மி.மீ. வரை லேசான மழை. 64.4 மி.மீ. வரை மிதமான மழை. அதற்கு மேல் கனமழை, 115.6 மி.மீ. தொட்டால் மிக கனமழை, 204.4 மி.மீ. தாண்டினால் அதி கனமழை. மிதமான மழை என்று கேட்டதும் ஏதோ தூறல் என்று நினைத்துக்கொள்கிறோம். 60 மி.மீ. ஒரே மணி நேரத்தில் விழுந்தால் தெரு முழங்கால் அளவுக்கு நிற்கும். அதற்கும் பெயர் மிதமான மழைதான். அப்புறம் ஒரு நாள் என்பது நள்ளிரவில் தொடங்குவதில்லை, காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 வரை. உலகம் முழுக்க வானிலை நிலையங்கள் ஒரே நேரத்தில் அளவெடுக்கிற வழக்கத்தில் நமக்கு வந்த நேரம் அது.

சரி, அறிக்கை வட்டாரத்தைச் சொல்லிவிட்டது. நம் களத்துக்கு வருமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு மேகத்தைப் பார்க்க வேண்டும்.

1802இல் லண்டனில் மருந்து தயாரிக்கும் தொழிலில் இருந்த லூக் ஹோவர்ட் என்பவர் மேகங்களுக்கு லத்தீனில் பெயர் வைத்தார். பள்ளிப் புத்தகத்தில் நாம் படித்த கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம் எல்லாம் அந்த வகைப்பாட்டிலிருந்து வந்தவைதான். பெயர் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் எனக்கு அதைவிட உதவியது, மேகத்தின் அடிப்பாகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பது. மேலே ஏறுகிற காற்று கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிர்ந்துகொண்டே போகும். ஒரு உயரத்தில் அதிலுள்ள ஈரம் திவலையாக மாறும். அந்த உயரம்தான் மேகத்தின் அடி, அதனால்தான் திரள் மேகங்களின் அடிப்பாகம் கத்தியால் சீவியது போல ஒரே மட்டத்தில் இருக்கிறது. இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றிலுள்ள ஈரம் திவலையாக மாறத் தொடங்குகிற வெப்பநிலை) நடுவே இருக்கிற வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால் மேகத்தின் அடி எத்தனை மீட்டர் உயரம் என்று வரும். வைகாசியில் வெப்பம் 38, பனிநிலை 22 என்றால் வித்தியாசம் 16. ஆக 2,000 மீட்டர். ஐப்பசியில் 28, 24 என்றால் வெறும் 500 மீட்டர். கோடையில் மேகம் எட்டாத தூரத்தில் நிற்பதும், அடைமழைக் காலத்தில் பனைமரத்துக்குச் சற்று மேலே ஓடுவது போலத் தெரிவதும் இதனால்தான். கோடையில் சில நாள் மேகத்திலிருந்து சாம்பல் நிறத்தில் மழைத்தாரை தொங்கும், ஆனால் தரைக்கு வந்து சேராது. ரெண்டு கிலோமீட்டர் காய்ந்த காற்றைக் கடந்து வருவதற்குள் துளி ஆவியாகிவிடும்.

துளி என்றதும் சொல்ல வேண்டியது. மேகத்திலுள்ள ஒரு திவலை 0.02 மி.மீ. அகலம்தான் இருக்கும். நம் மேல் விழுகிற 2 மி.மீ. மழைத்துளி ஒன்று உண்டாக அப்படிப் பத்து லட்சம் திவலைகள் சேர வேண்டும். ஆகவே மேகம் இருப்பதால் மட்டும் மழை வந்துவிடாது. திவலைகள் மோதிச் சேர்வதற்கு உயரமும் நேரமும் வேண்டும். மதியம் ரெண்டு மணிக்குப் பஞ்சுப் பொதியாக நிற்கிற மேகம் பக்கவாட்டில் பரவினால் கவலையில்லை. உயரத்தில் வளர்ந்தால் கவனிக்க வேண்டும். அகலத்தைவிட உயரம் அதிகமாகி, தலை காலிபிளவர் போலக் கொத்துக் கொத்தாகப் பொங்கினால் அது உயிருள்ள மேகம். அந்தக் கொத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும்வரை அது வளர்கிறது. விளிம்பு கலைந்து, நார் நாராகப் பிரிந்து, தலை கொல்லன் பட்டறைக் கல் போலத் தட்டையாக விரிந்துவிட்டால், மேலே பனித்துகளாகிவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட மேகத்தின் உச்சி நம் பக்கத்தில் 15 கி.மீ. தாண்டியும் போகும். அடியில் மழை ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும்.

இப்போது அப்பாவின் கடல்காற்றுக்கு வருகிறேன். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரெண்டு வருஷம் ஆயிற்று. கோடையில் தரை சூடேறுவதால் கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. எங்கள் ஊருக்கு மதியம் ஒரு மணி வாக்கில் வந்து சேரும். இது தரையை ஒட்டி வருகிற காற்று, உயரம் குறைவு. அதற்கு மேலே, மூன்று, ஐந்து கிலோமீட்டர் உயரத்தில், கோடையின் பிற்பகுதியிலும் தென்மேற்குப் பருவத்திலும் பெரும்பாலும் மேல்காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். இடிமேகத்தைத் தள்ளிக்கொண்டு வருவது அந்த மேல்காற்றுதான். அதனால்தான் வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பக்கம் சாயங்காலம் எழும்புகிற மேகம் ராத்திரி எங்கள் பக்கமும் சென்னைப் பக்கமும் வந்து பெய்கிறது. தரையில் கிழக்குக் காற்று வீசுகிறது, மேகம் எப்படி மேற்கிலிருந்து வரும் என்று அன்றைக்கு நான் நினைத்தது இதனால்தான் பிசகியது. ஈரமான அந்தக் கடல்காற்றுதான் மேகத்துக்குத் தீனி. மேகம் அதை உள்ளே இழுத்து வளர்கிறது.

மேகத்தில் மழை இறங்க ஆரம்பித்ததும், விழுகிற துளிகளில் கொஞ்சம் ஆவியாகிச் சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கும். குளிர்ந்த காற்று கனமாகிப் பொத்தென்று கீழே விழுந்து, தரையில் கொட்டிய தண்ணீர் போல நாலு பக்கமும் பரவும். கிழக்கே வருகிற அந்தக் குளிர்காற்றும், மேற்கே போகிற கடல்காற்றும் நேருக்கு நேர் முட்டுகிற விளிம்பு நம்மைத் தொடுவதற்குச் சற்று முன்னால் கடல்காற்று தளர்ந்து நின்றுவிடும். இலை அசையாது. அந்த நிமிஷங்களைத்தான் அப்பா படித்தார். அதற்கடுத்து வருவது குளிர்காற்று, மண்வாசனை, துளி. மண்வாசனைக்கே காரணம், ஏற்கெனவே மழை விழுந்த இடத்தின் மணத்தை அந்தக் காற்று முன்னால் தூக்கிக்கொண்டு வருவதுதான். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்ற பொருள் அதில் முக்கியமானது. நம் மூக்கு அதைத் துளியூண்டு இருந்தாலும் பிடித்துவிடும். வாசனை வந்துவிட்டால் தார்ப்பாயைத் தேட நேரம் இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. மின்னல் வெட்டியதும் எண்ண ஆரம்பியுங்கள். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மேகம் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போது களம், வரப்பு, மரத்தடி எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மல்லாட்டை நனைந்தால் நனையட்டும்.

அடுத்தது ரேடார். சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல், மழை எங்கே இருக்கிறது என்று அலைகளை அனுப்பிக் கண்டுபிடிக்கிற டாப்ளர் ரேடார் இயங்குகிறது. அதன் படம் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கிறது. நீலம், பச்சை என்றால் லேசான மழை, மஞ்சள், சிவப்பு என்றால் கொட்டுகிறது. இதைப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகு போனிலுள்ள சூரியன் படத்தை நான் பார்ப்பதே இல்லை. ஒரே ஒரு படத்தைப் பார்த்தால் பிரயோஜனமில்லை, அரை மணி நேர இடைவெளியில் மூன்று படம் பார்க்க வேண்டும். மேகக் கூட்டம் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது, பெருக்கிறதா கரைகிறதா என்பது அப்போதுதான் தெரியும். ரேடாருக்கும் கண் எட்டாத இடம் உண்டு. அதன் கதிர் நேராகப் போகும், பூமி வளைந்து கீழே இறங்கும். எங்கள் ஊருக்கு வரும்போது கதிர் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கே தெரிகிற துளி தரைக்கு வந்தே தீர வேண்டும் என்பதில்லை. அதனால் படத்தில் பச்சை தெரிந்தாலும் வெளியே வந்து ஒருமுறை வானத்தைப் பார்த்துவிடுவேன்.

செயற்கைக்கோள் படத்தில் எல்லாரும் ஏமாறுகிற இடம் வேறு. தமிழ்நாட்டின் மேல் வெள்ளையாகப் பெரிய மேகப்படலம் தெரியும், "பயங்கரமா வருது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அகச்சிவப்புப் படத்தில் வெள்ளை என்றால் மேகத்தின் உச்சி குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நேற்றைய இடிமேகம் செத்துப்போய் அதன் தலை மட்டும் கீற்றாகப் பரவிக் கிடந்தாலும் வெள்ளையாகத்தான் தெரியும். அதிலிருந்து ஒரு பொட்டு மழை வராது.

பழமொழிகளையும் நான் நோட்டில் குறித்துவைத்துச் சரிபார்த்துக்கொண்டு வருகிறேன். "அந்தி மழை அழுதாலும் விடாது" என்பது கோடை இடிமழைக்கு அப்படியே பொருந்துகிறது. முதல் அரைமணி நேரம் கொட்டும். பிறகு விரிந்து கிடக்கும் அந்தத் தட்டைத் தலையிலிருந்து ரெண்டு மூன்று மணி நேரம் சன்னமாகத் தூறிக்கொண்டே இருக்கும். "அகல் வட்டம் பகல் மழை" என்பதும் வெறும் நம்பிக்கையில்லை. நிலாவைச் சுற்றித் தெரிகிற பெரிய வட்டம், உயரத்திலுள்ள மெல்லிய மேகத்தின் பனித்துகள்கள் ஒளியை வளைப்பதால் உண்டாவது. கையை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனி நிலாவிலும் சுண்டுவிரல் நுனி வட்டத்திலும் இருக்கும், கிட்டத்தட்ட ஒரு சாண். வங்கக் கடலில் ஒரு தாழ்வுப் பகுதி நெருங்கும்போது அதன் உச்சிக் காற்று இந்தக் கீற்று மேகத்தை ஒரு நாள் முன்னதாகவே நம் தலைக்கு மேல் அனுப்பிவிடும். என் நோட்டில் ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பழமொழி பாதிக்கு மேல் பலித்திருக்கிறது. பங்குனி, சித்திரையில் பலிக்கவில்லை. தட்டானும் எறும்பும் பற்றி எனக்கு இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. தட்டான் தாழப் பறந்து மழை வராத நாள்களும் நிறைய இருக்கின்றன, அந்த நாள்களை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கோடைக்கும் ஆவணி, புரட்டாசிக்கும். ஐப்பசி பிறந்தால் வானமே வேறு. மழை மேற்கிலிருந்து வந்த நிலை மாறி, கடலிலிருந்து வர ஆரம்பிக்கும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குகிற நாள் அக்டோபர் 20. தமிழ்நாட்டின் வருட மழையில் பாதியளவு அதற்கப்புறம் வருகிற ரெண்டரை மாதத்தில்தான். சாயங்காலம் பெய்த மழை இப்போது விடியற்காலையில் பெய்யும். இரவில் தரை குளிர்ந்து, தரைக்காற்று கடலைப் பார்த்துப் போகும். கிழக்கேயிருந்து வருகிற ஈரக்காற்று கரைக்குப் பக்கத்தில் அதோடு முட்டி மேலே எழும்பும். நாலு மணிக்கு ஒரு பாட்டம், ஆறு மணிக்கு ஒரு பாட்டம் என்று வந்து போகும். பொங்கி வளர்கிற காலிபிளவர் தலையைத் தேடினால் கிடைக்காது, எல்லாம் ஒரே சாம்பல். கடல்காற்று நிற்கிற கணக்கும் இங்கே செல்லாது. இந்தக் காலத்தில் அப்பாவும் "போன எடு" என்றுதான் சொல்வார்.

பெரிய பிழைகள் நடப்பதும் இந்தக் காலத்தில்தான், அதை நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2024 அக்டோபர் மத்தியில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தார்கள். வேளச்சேரியில் இருக்கிற என் தங்கை, 2015இல் தரைத்தளம் மூழ்கியதைப் பார்த்தவள், மற்ற எல்லாரையும் போலக் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்தினாள். 15ஆம் தேதி மழை கொட்டியது. ஆனால் பெரிதாகப் பயந்த 16ஆம் தேதி அவ்வளவு மழை இல்லை. தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே போய்க் கரையைக் கடந்தது, கனமழைப் பகுதியும் அதோடு வடக்கே நகர்ந்துவிட்டது. "ரெட் அலர்ட்டுன்னாங்க, வெயிலடிக்குது" என்று ஊரே பேசியது. கடலில் நகர்கிற ஒரு சுழல் ஐம்பது, நூறு கிலோமீட்டர் தள்ளிப் போவது கணிப்பவருக்குச் சின்ன வித்தியாசம். நகரத்துக்கு அதுவே எல்லாம். தங்கையிடம் கேட்டேன், அடுத்த தடவை என்ன செய்வாய் என்று. "மறுபடியும் பாலத்துலதான் நிறுத்துவேன்" என்றாள். அவள் எச்சரிக்கையைச் சரியாகப் படித்தவள் என்று நினைத்தேன்.

தள்ளிப் போகாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை அதே வருஷம் நவம்பர் 30 பார்த்தோம். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, அங்கேயே நகராமல் நின்றது. மயிலத்தில் 51 செ.மீ., புதுச்சேரியில் 49 செ.மீ. மயிலம் எங்களுக்குத் தெற்கே பஸ்ஸில் போய் வருகிற தூரம். அன்றிரவு ரெண்டு தடவை எழுந்து மழைமானியை அளந்து கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன், இல்லையென்றால் வழிந்திருக்கும். அதற்கு முந்தைய வருஷம் டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. அந்த ஊர் ஒரு முழு வருஷத்தில் பார்க்கிற மழையைவிட அதிகம். அதற்குப் புயல் என்ற பெயர்கூட இல்லை, குமரிக்கடல் பக்கம் நின்ற வளிமண்டலச் சுழற்சிதான். காற்றின் வேகத்தை வைத்துப் புயலுக்குப் பயப்படப் பழகியிருக்கிறோம். மழை எத்தனை மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கும் என்று கேட்கப் பழகவில்லை.

மழைமானி பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாயும் வயிறும் ஒரே அகலமுள்ள, அடி சமமான கண்ணாடிச் சாடி ஒன்றும் ஸ்கேலும் போதும். அப்படித்தான் நான் ஆரம்பித்தேன். வெட்டவெளியில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் வாய் இருக்கும்படி வைக்க வேண்டும். மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல ரெண்டு மடங்கு தள்ளி வைத்தால் நல்லது. காலை 8.30க்கு அளந்து எழுத வேண்டும், மழை இல்லாத நாளில் பூஜ்யம் என்று எழுத வேண்டும். நுங்கம்பாக்கத்தில் 1792இல் வானாய்வு நிலையம் வந்தது, சென்னையின் மழைக் கணக்கு 1813 முதல் இருக்கிறது. அந்த நீளமான கணக்கு யாரோ ஒருவர் தினமும் எழுந்துபோய் அளந்ததால் வந்தது என்று நினைத்தால், மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு களத்துக்குப் போக எனக்குச் சோம்பல் வருவதில்லை. 2015 டிசம்பர் 2 காலைக் கணக்கைப் பாருங்கள். நுங்கம்பாக்கம் 29 செ.மீ., தாம்பரம் 49 செ.மீ. ஒரே மழை, இருபது கிலோமீட்டர் இடைவெளி. தாம்பரத்தில் அளக்க ஆள் இல்லாமல் இருந்திருந்தால் அன்றைய மழை 29 என்றே எழுதப்பட்டிருக்கும்.

எங்கள் பக்கத்தில் இப்போது மூன்று பேர் அளக்கிறோம். போன ஆவணியில் ஓர் இரவு எனக்கு 41 மி.மீ., மேற்கே ஆறு கிலோமீட்டரில் இருக்கிற சிநேகிதர் வீட்டில் 3 மி.மீ. அன்றைய அறிக்கை "ஓரிரு இடங்களில்". அந்த ஒரு இரவில் இடம் நான், அவர் இல்லை. அடுத்த வாரம் அவருக்கு 22, எனக்குத் தூறல்கூட இல்லை.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு. கண் புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் தூரத்து மேகம் அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து காற்றைத்தான் பார்க்கிறார். மேற்கே எப்படி இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும், காற்று நின்றதை அவர் சொல்வார். அவர் சொல்வதற்கும் முதல் துளிக்கும் எத்தனை நிமிஷம் என்று குறித்துக்கொண்டு வருகிறேன். போன கோடையில் எட்டு நிமிஷத்திலிருந்து பத்தொன்பது நிமிஷம் வரை இருந்தது.

காலையில் சாடியை எடுத்துக்கொண்டு திண்ணைப் பக்கம் வந்தால் முதல் கேள்வி அவருடையதுதான். மில்லிமீட்டர் அவருக்குப் பழகிவிட்டது, ஆனாலும் அதை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. பத்துக்குள் இருந்தால் "புழுதி அடங்குச்சு" என்பார். இருபத்தைந்து தொட்டால் அது ஒரு உழவு. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 25 மி.மீ. என்றால் ஒரு ஏக்கரில் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். அந்த எண்ணைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை.

இன்று காலையும் கேட்டார்.

"எவ்ளோடா?"

"இருபத்தாறுப்பா."

"ஒரு உழவு ஆச்சு. டிராக்டருக்குச் சொல்லிடு."